ஏழாவது வரி

உள் அறையில் ட்ரங்குப் பெட்டியின் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கல்லின் ஓரத்தைக் கொத்திக்கொண்டிருந்த சண்முகையாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். துருப்பிடித்த இரும்பு முதலில் முனகும், பிறகு 'டக்'கென்று ஒரு அடி. ஐந்து வருடங்களாக அந்தப் பெட்டியை யாரும் தொட்டதில்லை. போன மாதம் அவரே ஒரு முறை திறந்து, ஒரு பொருளை உள்ளே வைத்து மூடினார். அதை இப்போது மருமகளின் கை எடுக்கப்போகிறது.

"ஏட்டி ராஜேஸ்வரி! உள்ள என்னத்த உருட்டுத?"

பெட்டி மூடி சுவரில் இடிக்கும் சத்தம்தான் வந்தது.

"நேரமாச்சு மக்கா. குழம்பச் சூடு பண்ணு."

அவர் மறுபடி சுத்தியலை ஓங்கினார். அடிக்க மனம் வரவில்லை. கீழே வைத்தார்.

அவர் முன்னால் ஆறடி நீளக் கருங்கல் பலகை ஒன்று இரண்டு மரக்கட்டைகளின் மேல் படுத்திருந்தது. மேலே, தலைகீழாக ஊன்றியதுபோல் செதுக்கிய ஒரு துப்பாக்கி. அதன் மேல் கவிழ்த்த இரும்புத் தொப்பி. அதற்குக் கீழே 'செங்கரிசல்குளம் தந்த வீரர்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. அதன் கீழே ஆறு பெயர்கள். ஆறாவது பெயருக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் கல். மெருகேற்றிய அந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. குனிந்தால் சண்முகையாவின் முகம்தான் அதில் தெரியும்.

அங்கே இருக்க வேண்டியது அவருடைய மகனின் பெயர்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையோரம் முப்பத்தைந்து வருடங்களாக அவர் கல்லில் எழுத்து வெட்டுகிறார். பள்ளிக்கூடக் கட்டிடத்தின் திறப்புவிழாக் கல், கோவில் மண்டபத்தில் உபயதாரர் பெயர், கல்லறைத் தோட்டத்தில் பிறப்பும் இறப்பும். ஊரெல்லாம் அவர் வெட்டிய பெயர்கள் நிற்கின்றன. அவர் வீட்டில்தான் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. மனைவி பேச்சித்தாய் ஒரு காய்ச்சலில் போனபோது மகன் எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு தகப்பன் சோறு வடிப்பார், மகன் ரசம் வைப்பான். இருவருக்கும் குழம்பு சரியாக வராது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே ஏழெட்டு வருடம் சாப்பிட்டார்கள்.

சண்முகையாவின் சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூருக்குக் கிழக்கே இருக்கும் செங்கரிசல்குளம். அந்த ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள். மகனும் இருபது வயதில் போனான். இருபத்தாறில் கல்யாணம். கரிவலத்துப் பெண் ராஜேஸ்வரி. நாற்பது நாள் லீவு முடிந்து கிளம்பும்போது, "அப்பா, அடுத்த தடவையும் விடியக்காலம் ரயில்லதான் வருவேன். நீங்க தூங்கினா இடி விழுந்தாலும் கேக்காது. கதவத் தாழ்ப்பாள் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்தாம் மாதம், வடகிழக்கு எல்லையில் ஒரு பாலம் உடைந்து ரோந்து வண்டி ஆற்றில் விழுந்தது. நான்கு பேர். மூன்று உடல்கள் கிடைத்தன. நான்காவது கிடைக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இறந்ததாக முடிவு செய்து காகிதம் அனுப்பினார்கள். கூடவே அந்தக் கறுப்பு ட்ரங்குப் பெட்டியும் வந்தது.

சொந்தக்காரர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேதி குறிக்க வந்தார்கள். சண்முகையா வாசலிலேயே மறித்து நின்றார். "உடம்பு வரட்டும். அதுக்கப்புறம் பாத்துக்கிடலாம்." அவ்வளவுதான். காரியம் நடக்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. ராஜேஸ்வரியின் கழுத்தில் தாலி அப்படியே கிடந்தது. வாசல் கதவின் தாழ்ப்பாளும் ஐந்து வருடங்களாக விழவில்லை.

அவள் கரிவலத்தில் தாய் வீட்டில் இருந்துகொண்டு, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டி.டி.பி. கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் வீட்டுக்கு வருவாள். தலை நிறையப் பூ, நெற்றியில் குங்குமம். குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, அவர் வெட்டிய எழுத்துகளில் பொன் நிறப் பெயிண்டைத் தீற்றிவிட்டுப் போவாள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் உளிச் சத்தம் மட்டும்தான்.

ஊரில் போர் நினைவுக் கல் வைக்க முடிவானபோது, கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டியன் நேரே சண்முகையாவிடம் வந்தார். ரிட்டயர்டு ஹவில்தார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாது.

முதல் நாள் படம் வரைந்து காட்டியபோதே சண்டை.

"இது துப்பாக்கியா வே? விசையைச் சுத்தி வளையம் எங்க? இத வச்சுக் கொக்குகூடச் சுட முடியாது!"

"நான் துப்பாக்கியை எங்க கண்டேன்? விளக்குமாறு தெரியும், கரண்டி தெரியும்."

சௌந்தரபாண்டியன் மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துத் தோளில் வைத்து, இங்கன கை, இங்கன கண் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். டீ கொண்டுவந்த கடைக்காரர் கண்ணாடித் தம்ளரோடு அட்டென்ஷனில் நின்றார். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் ஆள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆனால் பட்டியலைக் கையில் கொடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஏழு பெயர். இறந்த வருடத்தின் வரிசைப்படி. கடைசிப் பெயரைப் பார்த்ததும் சண்முகையா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சௌந்தரபாண்டியன் தொண்டையைச் செருமினார்.

"உம்ம பிள்ள, உம்ம கை. நான் ஒண்ணும் சொல்லல."

அந்த ஏழு பெயரையும் கம்ப்யூட்டரில் அடித்து, கல்லின் அளவுக்குப் பெரிதாக்கித் தாளில் எடுத்துக் கொடுத்தவள் ராஜேஸ்வரிதான். எந்த எழுத்து, எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அவள் தேர்வு. அடுத்த ஞாயிறு வந்து பார்த்தபோது தாளில் ஆறு பெயர்தான் இருந்தது. "கமிட்டியில இன்னும் முடிவாகல மக்கா" என்றார் சண்முகையா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

கல்லில் விழுந்த தப்பை அழிக்க முடியாது. ஒரு முறை கல்லறைக் கல்லில் தகப்பன் பெயரின் எழுத்தை மாற்றி வெட்டி, செத்தவருக்கு வேறு அப்பாவைக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பெயர் வெட்டும் முன் அந்த வீட்டு ஆள் ஒருவர் வந்து, தாளில் இருப்பதை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகுதான் உளி கல்லைத் தொடும்.

ஆறு வீட்டிலிருந்தும் வந்தார்கள். ஒருவர் தம்பியின் பெயரை மூன்றாவது எழுத்து வரை படித்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாள், ஒவ்வொரு எழுத்தாகப் பேத்தி சொல்லச் சொல்லத் தானும் சொன்னாள். எல்லோரும் படிக்கும்போது சண்முகையா தலை குனிந்தே நின்றார். ஏழாவது வீட்டு ஆள் அவர்தான். அவரால் படிக்க முடியவில்லை.

போன புதன்கிழமை கல்லைப் பார்க்க கமிட்டி வந்தது. கூட, மேடைக்குச் சிமெண்டு கொடுத்த கடைக்காரர் செல்வமணியும் வந்தார். கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"அண்ணாச்சி, இம்புட்டு இடம் சும்மா கிடக்கே! 'மேடை உபயம்'னு நம்ம கடை பேரைப் போட்டிருங்க. போன் நம்பரும் போட்டா இன்னும் நல்லது."

சௌந்தரபாண்டியன் அவர் காலை மிதித்தார். செல்வமணிக்குப் புரியவில்லை. "ஏன் வே மிதிக்கீரு? செருப்பு புதுசு!" என்றார்.

கிளம்பும்போது சௌந்தரபாண்டியன் மட்டும் தயங்கி நின்றார். "திங்கக்கிழமை காலையில வண்டி வந்துரும் சண்முகையா. இருவத்தாறாம் தேதி திறப்பு. வெறும் இடத்த விட்டா, நம்ம ஊர்க்காரனுவ எதையாவது எழுதிப்புடுவானுவ. யோசிச்சுக்கிடும்."

அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு.

உள் அறையிலிருந்து ராஜேஸ்வரி வந்தாள். ஒரு கையில் பச்சைக் கம்பளி ஸ்வெட்டர். இன்னொரு கையில் ஏழாவது பெயர் இருந்த நீளமான ஒரு தாள்.

"அவிய ஸ்வெட்டரை ஒரு தடவ எடுத்துப் பாக்கலாம்னு திறந்தேன் மாமா. மடிப்புக்குள்ள இது இருந்துச்சு. கமிட்டியில முடிவாகலன்னு சொன்னியளே?"

அவர் உளியின் முனையைத் துண்டால் துடைத்தார்.

"கத்தரி வச்சு வெட்டியிருக்கு. அதுவும் கோடு பிசகாம."

"எனக்குக் கோணலா வெட்ட வராது" என்றார் சண்முகையா.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லுக்கு எதிரே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் மாமா. காலையிலேருந்து அடுப்படிக்கும் இங்கனைக்குமா நடக்கேன், வாய் வரல." மூச்சை இழுத்து விட்டாள். "வாசுதேவநல்லூர்ல ஒருத்தர். பொன்னுச்சாமின்னு பேரு. விவசாய ஆபீஸ்ல வேலை. சம்சாரம் தவறி மூணு வருஷமாச்சு. ஆறு வயசுல ஒரு பொம்பளப் பிள்ளை, அனு. அம்மா பேசி வச்சிருக்கா. நான் பதில் சொல்லல. இன்னைக்குச் சாயந்திரம் சொல்லணும்."

எவ்வளவு சுலபமாக அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள்! கட்டிய புருஷனின் பெயர் மட்டும் அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. 'அவிய' என்பாள். மிலிட்டரி ஆபீசில் கேட்டபோதுகூட எழுதிக் காட்டினாள்.

"சொல்லு மக்கா. நானா தடுத்தேன்?"

"நீங்கதான் மாமா தடுத்துட்டு நிக்கிய." கல்லின் வெற்றிடத்தை விரலால் காட்டினாள். "இங்கன பேரு இல்லன்னா அவிய உசுரோட இருக்காவன்னு அர்த்தம். உசுரோட இருக்கவுகளுக்கு நான் பொண்டாட்டி. கழுத்துல இது கிடக்கு. இதப் போட்டுக்கிட்டு இன்னொரு வீட்டு வாசல்ல எப்படி ஏறுவேன்? நீங்க வெட்டலன்னா நான் போகல. சத்தியமாப் போகல. ஞாயித்துக்கெழம தவறாம இங்கன வாரேன், குழம்பு வைக்கேன். உங்க காலம் முட்டும். அதுக்கப்புறமும்."

அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சுத்தியலைத் தூக்காமல் இருந்தால் போதும். மகன் எங்கோ ஓர் ஆற்றங்கரையில் உயிரோடு இருப்பான். இவள் ஞாயிறுதோறும் இந்த வாசலில் ஏறுவாள். அவள் கொலுசுச் சத்தம் கேட்கும். அவளுக்கு நரைக்கும். அவள் தலையில் பூ மட்டும் வாடாமல் இருக்கும். கடவுளே! ஒரு கிழவனின் தனிமைக்கு இதைவிடப் பெரிய ஆசை காட்ட முடியுமா?

அவர் ஆறு பெயர்களின் மேலும் விரலை ஓட்டி, வெற்றிடத்தில் வந்து நிறுத்தினார்.

"அன்னைக்குக் காரியம் வேண்டாம்னேனே..." என்று ஆரம்பித்தார். "அது எனக்காக இல்ல மக்கா. உனக்காக. கல்யாணமாகி ஆறு மாசமாகல. பத்துப் பொம்பளைய சேந்து வந்து உன் நெத்தியத் தொடைக்கதை நான் நின்னு பாக்கணுமா? அதான் உடம்பு வரட்டும்னு ஒரு சாக்கு சொன்னேன். பொறவு அந்தச் சாக்க நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன்."

ராஜேஸ்வரி எழுந்துவிட்டாள்.

"எனக்காகவா? மாமா! நான் உங்களுக்காகல்ல இதப் போட்டுட்டு அலைஞ்சேன்! கழட்டினா நீங்க மனசு விட்டுருவியன்னு. இந்தப் பூ யாருக்காக வைக்கேன்னு நெனைச்சிய? பஸ் ஸ்டாண்டுல வாங்கி வச்சுக்கிட்டு வருவேன். திரும்பிப் போகயில பஸ்ஸுலயே எடுத்துருவேன்."

"அஞ்சு வருஷமாவா?"

"அஞ்சு வருஷமா."

ஒருவருக்காக ஒருவர் ஐந்து வருடம் சுமந்த பாரம்! யாருக்குமே அது தேவைப்படவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அவளுடைய இருபத்தாறு வயதை, இருபத்தேழை, இருபத்தெட்டை இனி யார் திருப்பித் தருவார்கள்?

சண்முகையா தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கல்லின் வெற்றிடத்தைத் துடைத்தார். வெள்ளைப் பெயிண்டை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டார். அதன் மேல் கார்பன் தாள் வைத்தார். அதன் மேல் அவள் கையிலிருந்த தாளை வாங்கி வைத்து, நான்கு மூலையிலும் ஒட்டினார். நூல் பிடித்து நடுவைச் சரிபார்த்தார்.

"வீட்டு ஆளு படிக்கணும்" என்றார். "நான் படிச்சா பொறவு கை ஓடாது. நீ படி."

"நானா?"

"நீதான் இந்த வீட்டு ஆளு. இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும்."

அவள் கல்லின் மேல் குனிந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாமனார் முன்னால், வாய்விட்டு. உலகத்தில் எத்தனையோ பெண்கள் இன்றைக்குப் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவளால் முடிந்ததில்லை. நாற்பது நாளில் அவன் எத்தனை முறை கெஞ்சினான், ஒரே ஒரு தடவை சொல்லேன் என்று! அடுத்த லீவில் சொல்கிறேன் என்றாள்.

"ச" என்றாள். "இ... ச... க்... கி..."

சண்முகையா கண்ணை மூடிக்கொண்டார்.

"ரா... ஜா."

"சேத்துப் படி மக்கா."

"ச. இசக்கிராஜா."

அந்த வீட்டில் அந்தப் பெயர் ஐந்து வருடங்களுக்குப் பிறகு சத்தமாக ஒலித்தது. சொல்லி முடித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு கல்லின் மேலேயே சாய்ந்து அழுதாள். பதினாறாம் நாள் அழ வேண்டிய அழுகை. அவர் தடுக்கவில்லை. முடியும் வரை காத்திருந்தார். பிறகு எழுத்தின் மேல் பென்சிலால் அழுத்தி வரைந்து, தாளை உரித்து, உளியை எடுத்தார்.

முதல் எழுத்து அவருடையது. தகப்பன் பெயரின் முதல் எழுத்து. அதை நிற்காமல் வெட்டிவிட்டார். இரண்டாவது எழுத்தின் சுழியில்தான் கொஞ்சம் நின்றார். சின்ன வயதில் அவன் சிலேட்டில் அந்தச் சுழியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் கேட்பான். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி உளியை வைத்தார்.

நாலாவது எழுத்தில் இருக்கும்போது அவருடைய போன் அடித்தது. ராஜேஸ்வரி எடுத்தாள். செல்வமணி.

"ஏம்மா, அந்தக் கீழ் இடம் என்னாச்சு? போன் நம்பர் வேண்டாம், கடை பேரு மட்டும் போதும்னு அண்ணாச்சிட்ட சொல்லு."

"இடம் நிறைஞ்சிட்டு அண்ணாச்சி" என்று சொல்லி வைத்தாள்.

நாலரை மணிக்கு உளி ஓய்ந்தது. அவள் தூசியை ஊதி, வெள்ளைப் பூச்சைக் கழுவித் துடைத்து, எழுத்துகளில் பொன் நிறத்தைத் தீற்றினாள். சுற்றிலும் வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தாள். மற்ற ஆறு பெயர்களுக்கும் இதேபோலத்தான் செய்தாள். இதற்கு மட்டும் கொஞ்ச நேரம் அதிகம் எடுத்தது. இப்போது அந்த இடத்தில் யார் முகமும் தெரியவில்லை.

கையைக் கழுவிவிட்டு அவள் உள்ளே போனாள். சண்முகையா போகவில்லை. மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. முனகல், பிறகு 'டக்'. பெட்டி திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூடியது. உள்ளே எதை வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை. வெளியே வந்தபோது முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். தலையில் பூ இல்லை. ஸ்வெட்டர் மட்டும் பைக்குள் இருந்தது.

"குழம்பு அடுப்புலயே இருக்கு மாமா. ராத்திரிக்கும் காணும்."

"சரி மக்கா."

"அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்."

"வராத" என்றார் அவர். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அந்தப் பிள்ளை அனுவுக்கு ஞாயித்துக்கெழமதான லீவு. அது உன்னைத் தேடும். இங்கன கல்லுதான் இருக்கு. கல்லு யாரையும் தேடாது."

அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் கையைத் தலையில் வைத்தார். கையில் இருந்த கல் தூசி அவள் முடியில் ஒட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே வாசல்வரை வந்து அனுப்பினார். படியிறங்கியவள் திரும்பி நின்றாள்.

"தாழ்ப்பாளப் போடுங்க மாமா. சத்தம் கேட்டாத்தான் போவேன்."

அவர் கதவைச் சாத்தினார். ஐந்து வருடத்துக் கல் தூசி தாழ்ப்பாளில் இறுகிப்போயிருந்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. திரும்பி வந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். எழுத்து வெட்டும்போது அடிக்கிற மாதிரி, மெதுவாக, ஒரே ஒரு அடி.

தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் போனது.